வாசலுக்கு நாலு சட்டி

குற்றாலத்தில் சாரல் எட்டிப் பார்த்துவிட்டால் தென்காசிச் சந்தையில் அழுகின தக்காளிக்கும் மரியாதை வந்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கத்தில் மழைக்குக் குடை விரிப்பவனைவிடக் கடை விரிப்பவன் அதிகம். அருவிக்குப் போகிற ரோட்டில் இலஞ்சி தாண்டி ஒரு வளைவு. எப்பேர்ப்பட்ட காரும் அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகம் குறைந்த வண்டியை நிறுத்தவைப்பது பாதி வியாபாரம் என்பதால் வளைவு முழுக்கக் கடைகள். முதலில் ஜெபசிங்கின் டீக்கடை. அடுத்தது மாரிச்செல்வியின் பழக்கடை. அதற்கப்புறம் நேந்திரங்காய் சிப்ஸ், குளியல் துண்டு, ஊருக்குப் போனதும் உடைந்துபோகிற பொம்மைகள்.

மாரிச்செல்வியின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அவள் புருஷன் சுடலைமணி ரோடு போடுகிற செட்டில் ரேக் பிடிக்கிறவன். தார்க் கலவையைப் பரப்பிக்கொண்டு மெஷின் முன்னால் போகும். நீளக் கம்பு வைத்த இரும்பு வாரியோடு இவன் பின்னால் போய் மேடு பள்ளத்தை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கால் பொசுக்கும், கண் எரியும், சோற்றிலும் தார் வாசம் அடிக்கும். எந்த நேரமும் பொசுங்குகிற வேலை என்பதால் அவன் அதிகம் பேசுவதில்லை. அவனுக்கும் சேர்த்து மாரிச்செல்வி பேசிக்கொள்வாள்.

அந்த ரோட்டை அவர்கள் சித்திரையில் போட்டார்கள். பஸ் போக வேண்டும் என்பதால் முழு அகலத்தையும் ஒரே மூச்சில் போட முடியாது. இன்றைக்கு ஒரு பாதி, நாளைக்கு மறுபாதி. சிக்கல் இரண்டு பாதியும் சேர்கிற நடுக்கோட்டில், அந்த ஜாயிண்டில்தான். முதல் பாதியின் ஓரம் ராத்திரியில் ஆறி, ரொட்டி விளிம்பு மாதிரி உதிர்ந்து நிற்கும். மறுநாள் கொதிக்கக் கொதிக்க வருகிற கலவை அதோடு ஒட்ட வேண்டும். ஆறினதும் சூடானதும் லேசில் ஒட்டுவதில்லை, ரோட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?

கான்ட்ராக்டரிடம் இன்ஜினியராக இருந்த அபர்ணா ஆலங்குளத்துப் பெண். தலையில் துண்டைச் சுற்றி அதன்மேல் ஹெல்மெட் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

“அண்ணே, நேத்துப் போட்ட ஓரத்தை நேராச் செதுக்கிருங்க. உதிரி நிக்கக் கூடாது. செதுக்குன எடத்துல தாரைத் தடவுங்க. மெஷினு ஜாயிண்டு மேல கொஞ்சம் கூடுதலா, வரப்பு மாதிரி விட்டுட்டுப் போவும். அந்த வரப்பை உள்ள தள்ளி நெருக்கிருங்க. அப்புறந்தான் ரோலரு ஏறணும்.”

“சரி மேடம்” என்றான் சுடலைமணி.

“சரின்னு சொல்லிட்டு வரப்ப அள்ளி வீசிருவிய. மழைத் தண்ணி எறங்குறதே அங்கனதான். ஜாயிண்டு பட்டினி கெடந்துச்சுன்னா ரெண்டு மழைக்குத் தாங்காது.”

“போடுதோம் மேடம்.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சுடலைமணிக்கும் அது தெரியாததில்லை. தெரிந்தே செய்கிற தப்புக்கு எங்கள் பக்கத்தில் அட்ஜஸ்ட்மெண்ட் என்று பெயர். கலவை ஏற்றி வந்த டிப்பர் ஒன்று பாலத்துக்கிட்டே டயர் வெடித்து நிற்பதாகப் போன் வந்து அபர்ணா அங்கே ஓடினாள். அவள் ஸ்கூட்டி வளைவைத் தாண்டியதுதான் தாமதம், கடைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ரோடு போடுகிறவனிடம் கலவை கேட்பது கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்கிற மாதிரி. கேட்காதவன் மடையன், கொடுக்காதவன் கல்நெஞ்சன். கலவை அள்ளுகிற இரும்புச் சட்டிதான் அளவு, ‘வாசலுக்கு நாலு சட்டி’ என்பதுதான் வார்த்தை. நாலு என்பது ஆரம்பம். பேசப் பேசக் கூடும்.

“அண்ணாச்சி, வடை சூடா இருக்கு” என்றான் ஜெபசிங் சுடலைமணியிடம். “வாசலும் சூடா இருந்தா நல்லாருக்கும்.”

“ஒனக்குத்தான் போட்டாச்சுல்லாடே.”

“அது கடைக்கு. பெஞ்சு போடுத எடம் பாக்கி கெடக்கே.”

“ஒம் பெஞ்சுக்கும் கவர்மெண்டுதான் ரோடு போடணுமோ?”

“காலையில இருந்து அந்தப் பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்குதது பூராவும் கவர்மெண்டு ஆளுவதான அண்ணாச்சி!”

செட்டு மொத்தமும் சிரித்தது. பெஞ்சுக்கும் சட்டி விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாரிச்செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஊரான் வாசலுக்கெல்லாம் வாரிக் குடுக்கிய. ஒங்க பொஞ்சாதி வாசல்ல மட்டும் தவக்களை கத்தணும், அப்படித்தான?”

“சும்மா கெடட்டி. மேடம் வந்துருவா.”

“வந்தா வரட்டும். சேத்துல செருப்ப விட்டுட்டு எவ எறங்கிப் பழம் வாங்குவா? போன சீசன்ல காரை நிறுத்துனவன், சகதியப் பாத்துட்டு முன்னால உருட்டிட்டுப் போயிட்டான். நான் என்ன புதுசா லாரி கொண்டாரச் சொல்லுதேனா? அந்தா, நடுவுல வரப்பா மிஞ்சிக் கெடக்குல்லா, அத அள்ளிப் போடுங்க.”

மாரிச்செல்வியின் கண்ணுக்கு அது மிச்சம். அது மிச்சமில்லை என்று சுடலைமணிக்குத் தெரியும். ஆனால் நடு ரோட்டில், இத்தனை பேர் முன்னால், ஊரார் வாசலெல்லாம் கறுத்துப் பளபளக்கும்போது தன் வாசலுக்கு இல்லை என்று சொல்லுகிற வாய் அவனுக்கு இல்லை. ரோலரைக் கைகாட்டி நிறுத்தினான். கடைக்கு நேர் எதிரே இருந்த வரப்பைச் சுத்தமாக வழித்து அள்ளினான். வாசலில் கலவை நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஜாயிண்டுக்கு வைத்திருந்த தாரையும் அங்கேயே ஊற்றினான். பொண்டாட்டிக்கு என்று வந்துவிட்டால் வேலை கச்சிதமாக இருக்க வேண்டும் அல்லவா? ரோலரும் ஒரு நடை ஏறி இறங்கிற்று. பிறகு ஜாயிண்டின் மேலாக ரேக்கைத் திருப்பி இழுத்து மட்டம் செய்தான். கறுப்புக்குள் கறுப்பு ஒன்றும் தெரியவில்லை. புது ரோட்டில் எல்லாப் பாவமும் ஒரே நிறம்.

ஆனி பிறந்ததும் சாரல் பிடித்தது. வளைவில் நடுக்கோடு வகிடு எடுத்ததுபோல மெல்லப் பிரிந்தது. பஸ் டயர் ஏற ஏற ஓரத்துக் கல் ஒவ்வொன்றாகக் கழன்று, விரல் அகலம் கை அகலமாயிற்று. மழைத் தண்ணீர் நிறைந்துவிட்டால் பள்ளமும் தெரியாது, ரோடும் தெரியாது, எல்லாம் ஒரே மினுக்கம். மாரிச்செல்வியின் வாசல் மட்டும் கல்யாண மண்டபத் தரை மாதிரி இருந்தது. கார்கள் நின்றன. செருப்பு நனையாமல் இறங்கி ரம்புட்டானும் மங்குஸ்தானும் பேரம் பேசினார்கள். அந்தச் சீசன்போல ஒரு சீசன் அவள் பார்த்ததில்லை.

புளியறைப் பக்கத்திலிருந்து பழக்கூடைகளைப் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தது அவள் தம்பி விஜய்பாண்டி. புளியங்குடியில் எலுமிச்சை லாரி ஓட்டுகிறவன். சீசனில் அக்காவுக்கு ஒத்தாசையாக லீவு போட்டு வந்திருந்தான். கையில் எலுமிச்சை வாசம் போவதற்குள் காலம் கெட்டுவிட்டது. ஒரு மத்தியானம் கூடைகளோடு கடைப்பக்கம் வண்டியைத் திருப்பினான். முன்டயர் தண்ணீருக்குள் கிடந்த பிளவில் இறங்கிற்று. இறங்கின டயர் அவன் திருப்பின பக்கம் போகாமல் பிளவு போன பக்கம் போயிற்று. வண்டியோடு சாய்ந்தான். பின்னால் வந்த சுற்றுலா வேன் பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுத்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். பிரேக் மிதிக்கிற கால்.

வாசுதேவநல்லூரில் இருந்து தாயார் முப்பிடாதியம்மாள் வந்தாள். கட்டு மாற்றப் போய்வரப் பக்கம் என்று மகனை மகள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆட்டோவிலிருந்து அவனைத் தூக்கி இறக்கினபோது கிழவி சொன்ன முதல் வார்த்தை:

“மருமவன் புண்ணியத்துல வாசலாவது வழுவழுன்னு கெடக்கு. இல்லன்னா எம் புள்ளையச் சகதிக்குள்ளல்லா தூக்கிட்டு வரணும்.”

மாரிச்செல்வி குனிந்து தம்பியின் செருப்பை எடுத்தாள். இரண்டையும் எடுத்துவிட்டு, ஒன்றை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கிழவி கேட்டாள். “நீங்களும் இந்த வேலைதான பாக்கிய மருமவனே. இந்த வளைவ எவன் போட்டது?”

“அது… புளியங்குடி செட்டு, அத்தை.”

வாயில் முதலில் வந்த ஊரைச் சொல்லிவிட்டான். புளியங்குடியில் அப்படி ஒரு செட்டே கிடையாது. கட்டிலில் கிடந்த விஜய்பாண்டி தலையைத் தூக்கினான்.

“நம்ம புளியங்குடியா? எவன்னு கேட்டுச் சொல்லுங்க அத்தான். அவன்ட்ட ஒண்ணு கேக்கணும்.”

“என்ன மாப்ள கேக்கப் போற?”

“அவன் வீட்டு வாசல் எப்படி இருக்குன்னு.”

சுடலைமணி குளிக்காதவன்போல மறுபடியும் குளிக்கப் போனான்.

பாதகம் செய்தவன் யாரென்று பிடிபடாதபோது, அது நடந்த இடத்தில் நின்று, அந்த இடத்து மண்ணையே வாரித் தூற்றிச் சபிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விலாசம் எழுதாத தபால்தான். ஆனாலும் சேர வேண்டிய வீட்டுக்குத் தப்பாமல் சேரும் என்பார்கள். ஆடிச் செவ்வாய் உச்சிப்பொழுதுக்குத் தூற்றுவதாக முப்பிடாதியம்மாள் முடிவுசெய்தாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்துச் சாப்பிடுகையில் சொல்லியே பார்த்துக்கொண்டாள்.

“எம் புள்ளைய ஒத்தக் காலாக்குனவன் கைகால் வெளங்காமப் போவணும். அவன் பொஞ்சாதி தாலியத்து, வெள்ளச் சேலை கெட்டி, எம் புள்ள கெடக்க மாதிரி மூலையில கெடக்கணும்.”

“யம்மா, சாப்புடுத நேரத்துல என்ன பேச்சு” என்றாள் மாரிச்செல்வி.

“ஒனக்கு என்னட்டி வந்துச்சு? ஒன்னையா சொல்லுதேன்?”

“யாரு பெத்த புள்ளையோ. பாவம்லா.”

“எம் புள்ளையும் நான் பெத்ததுதான். மருமவனே, ஏன் கைய வச்சுட்டு இருக்கிய? துவையல் ஒறைக்கா?”

“இல்ல அத்தை.”

“நல்லாப் பெசஞ்சு சாப்புடுங்க. நீங்க ஒரு ஆளு தெடமா இருக்கப்போயித்தான் இந்த வீடு நிக்கி.”

புருஷனும் பொண்டாட்டியும் பிறகு கடையில் பழக்கூடைக்குப் பின்னால் நின்று பேசினார்கள்.

“சொல்லிருவமா?” என்றான் அவன்.

“சொன்னா அம்மை தூத்த மாட்டா.”

“மாப்ள?”

அவள் கூடையில் அழுகின பழத்தைப் பொறுக்கினாள். “கேட்டது நான்தான” என்றாள்.

“அள்ளுனது நான்லாட்டி.”

“நான் கேக்காட்டா நீங்க அள்ளிருப்பியளா?”

“நீ கேட்டா எனக்கு அறிவு எங்க போச்சு?”

பேரத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர் இது. ஆளாளுக்குத் தன் விலையையே ஏற்றிக்கொண்டு போகிற பேரத்தை அந்த வளைவு அதற்கு முன் கண்டதில்லை. அதுவும் படியாமல் போயிற்று. கார் ஒன்று நின்றது. “வாங்க அண்ணாச்சி, ரம்புட்டான் சாப்பிட்டுப் பாத்து வாங்குங்க” என்று மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்காகவே காத்திருந்ததுபோல, கான்ட்ராக்டரின் வண்டி வளைவில் வந்து நின்றது. ஒரு கால் போன பிறகு ஜாயிண்டுக்கு வந்த மரியாதை அது. பிளவின் இரண்டு பக்கத்தையும் மெஷின் வைத்து நேராக அறுத்தார்கள். உள்ளே இருந்த சேற்றைக் காற்றடித்து ஓட்டினார்கள். அறுத்த ஓரம் ஈரம் காய அனல் காட்டித் தாரைத் தடவினார்கள். சித்திரையில் செய்யச் சொன்னது எல்லாம் ஆடியில் நடந்தது. அபர்ணா பக்கத்திலேயே நின்றாள். சுடலைமணி ரேக்கோடு நின்றான். எதிரே அவன் கடை, அவன் வாசல்.

உள்ளே விஜய்பாண்டி மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டான். “யம்மா, மூடப் போறானுவ போலிருக்கு. மூடுமுன்ன போயித் தூத்திட்டு வாம்மா. மூடிட்டா அந்த எடமே இருக்காது.”

“இந்தா போறேன்லா” என்று முப்பிடாதியம்மாள் கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். மாரிச்செல்வி குறுக்கே வந்து, “ஏவாரம் நடக்குத வாசல்ல வேண்டாம்மா” என்று கையைப் பிடித்தாள். கிழவி உதறிவிட்டு ரோட்டோரம் குனிந்தாள். மண் இல்லை. கடை வாசல் முழுக்கத் தார். டீக்கடைப் பக்கம் நகர்ந்தாள், அங்கேயும் தார். பெஞ்சுக்கு அடியிலும் தார். தலைவிரி கோலமாகக் கிழவி வாசல் வாசலாகக் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்துக் காரில் வந்தவர்கள் ஏதோ மோதிரம் தொலைந்துபோனதாக நினைத்திருப்பார்கள்.

“என்ன ஆச்சி தேடுதிய?” என்றான் ஜெபசிங்.

“ஒரு பிடி மண்ணு கெடைக்க மாட்டேங்குடே.”

“இங்கன எங்க ஆச்சி மண்ணு? ஒங்க மருமவன்தான் அம்புட்டு வாசலையும் மூடிக் குடுத்துட்டாவளே. ஒங்க மவ வாசலைப் பாருங்க, ஒரு கல்லு அசையல. அந்தா, ஓடையோரம் தாரு முடியுதுல்லா, அங்கன அள்ளுங்க.”

கிழவி ஓடையோரம் போய் ஈர மண்ணை ஒரு பிடி அள்ளினாள். நிமிர்ந்தவள், என்ன தோன்றிற்றோ, திரும்பிக் கேட்டாள். “இந்த வாசலெல்லாம் என்னைக்குடே போட்டாவ?”

“ரோடு போட்ட அன்னைக்குத்தான்.”

“ரோடு போட்ட அன்னைக்கா?”

“பின்ன? கலவை சூடா இருக்கையிலதான போட முடியும். ஒங்க மவ வாசலுக்கு நடு ரோட்டுல இருந்து வழிச்சு வழிச்சுல்லா போட்டாவ” என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தவன்போல ஜெபசிங் வாயை மூடிக்கொண்டான். கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ தரையில் கொட்டிற்று.

முப்பிடாதியம்மாள் மகளின் வாசலைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே அறுத்துத் திறந்து கிடந்த ஜாயிண்டைப் பார்த்தாள். வாசல் எவ்வளவு நீளமோ, பிளவும் அவ்வளவு நீளம். அதற்கப்புறம்தான் மருமகனைப் பார்த்தாள். சுடலைமணி ரேக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றான். ஓடிப்போகவில்லை.

கிழவியின் மண் பிடித்த கை உயர்ந்து நின்றது. வாய் அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக அங்கேதான் நின்றிருக்கும்.

மாரிச்செல்வி கடையிலிருந்து இறங்கி வந்து தாயின் முன்னால் நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்தினாள்.

“அவியளுக்கு வேண்டாம். எனக்குப் போடும்மா. கேட்டவ நான்தான்.”

“ஒனக்குப் போட்டா என்ன, அவருக்குப் போட்டா என்ன” என்றாள் முப்பிடாதியம்மாள். “தாலி ஒண்ணுதானட்டி.”

அந்தக் கையை அவள் எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டிருந்தது. சாரல் முதல் துளியை விசிறிற்று. டிப்பரில் கலவை புகைந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கலவை ஆறுது” என்றாள் அபர்ணா. அவளுக்கு விஷயம் பாதிதான் புரிந்திருந்தது. “மழை வேற வந்துட்டு. இப்பப் போடாட்டா மறுபடியும் ஒட்டாது.”

கிழவி கையை இறக்கினாள். பழத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற வாளி கடை முன்னால் இருந்தது. அதற்குள் கையை விட்டுக் கழுவினாள். தண்ணீர் செம்மண் நிறமாயிற்று. மருமகன் பக்கம் திரும்பாமலே, ரோட்டைப் பார்த்து மகளிடம் சொன்னாள்.

“நல்லா நெருக்கிப் போடச் சொல்லு.”

மருமவனே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சுடலைமணி குனிந்து ரேக்கை எடுத்தான். கலவையை இழுத்து ஓரத்தில் தள்ளி நெருக்கினான். ரேக் போதாமல் முழங்காலிட்டு, கட்டையை வைத்துக் குத்தினான். வரப்பு வரப்பாகவே நின்றது. ஒரு சட்டிகூட வெளியே போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஜெபசிங் அன்றைக்கு வடை சூடாக இருப்பதாகவும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் விஜய்பாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

“தூத்திட்டியாம்மா?”

முப்பிடாதியம்மாள் அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டாள். “மண்ணு கெடைக்கல ராசா. எங்க பாத்தாலும் தாரா கெடக்கு.”

“ஓடையோரம் இருக்குமே.”

“ஒரே ஈரம்டே. கையில ஒட்டிக்கிடுது. ஈர மண்ணு காத்துல போவாது.”

அவன் தாயின் சேலை ஓரம் நனைந்திருந்ததைப் பார்த்தான். பிறகு சமாதானமாகி, தலையணையில் சாய்ந்தான்.

“சரி, சாரல் விடட்டும். வெயில் அடிச்சுக் காயட்டும். காஞ்ச மண்ணா எடுத்துத் தூத்துவோம். அவன் எங்க போயிருவான்?”

“ஆவட்டும்” என்றாள் அவள்.

வெளியே கால் கழுவிக்கொண்டிருந்த சுடலைமணிக்கு அது கேட்டது.

அந்த வருஷம் ஆவணி பிறந்தும் சாரல் விட்டபாடில்லை. கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ரோடு போடுகிறவனுக்கு மழை ஜென்மப் பகை, வேலை கிடைக்காது. ஆனாலும் சுடலைமணி தினமும் விடிந்ததும் அந்த வழுவழுப்பான வாசலில் வந்து நின்று மலையைப் பார்ப்பான். மேகம் இறங்கியிருந்தால் உள்ளே போய்க் காப்பி குடிப்பான். வானம் வெளுத்திருந்தால் அங்கேயே நிற்பான்.

உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, விஜய்பாண்டியும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.